லிட்டருக்கு எவ்வளவு, வருஷத்துக்கு எவ்வளவு

எங்கள் குடும்பத்தில் இப்போது ஒரே சமயத்தில் மூன்று வீடுகளில் கார் பேச்சு நடக்கிறது. அல்சூரில் பெரியப்பா வீடு, ஓசூரில் தங்கச்சி வீடு, ஜீவன்பீமா நகரில் எங்கள் வீடு. எந்தக் காரைப் பற்றிப் பேச்செடுத்தாலும் முதலில் வந்து விழுகிற கேள்வி ஒன்றுதான்: “லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?”

கேள்வியில் தப்பில்லை. பெங்களூரில் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டி நிற்கும்போது யாராக இருந்தாலும் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் ரெண்டு மாதமாக மூன்று வீட்டுக்கும் உட்கார்ந்து கணக்குப் போட்டதில் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. அதற்கு முன்னால் இன்னொரு எண் தெரிய வேண்டும்: வருஷத்துக்கு நாம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறோம்? அது தெரியாமல் மைலேஜ் பேசுவது, எத்தனை பேர் சாப்பிட வருகிறார்கள் என்று தெரியாமல் உலை வைப்பது மாதிரி.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். பழைய சர்வீஸ் பில்களை எடுங்கள். ஒவ்வொன்றிலும் தேதியும் அன்றைக்கு ஓடோமீட்டர் காட்டிய எண்ணும் இருக்கும். பெரியப்பாவிடம் கேட்டபோது “பத்தாயிரம் ஓடும்பா” என்றார். அவருடைய ஃபைலை எடுத்துப் பார்த்தால் வருஷத்துக்கு 4,000தான். கோயில், மார்க்கெட், ஆஸ்பத்திரி, தமிழ்ச் சங்கத்தில் ஏதாவது கூட்டம், அவ்வளவுதான் அவர் ஓட்டம். எனக்கு வாரம் மூன்று நாள் பெல்லந்தூர் ஆபீஸ், மாசம் ஒரு தடவை சேலம் போய்வர 400 கி.மீ., கடை கண்ணி எல்லாம் சேர்த்து 8,500. தங்கச்சி வீட்டு மாப்பிள்ளைதான் உண்மையில் ஓட்டுகிறவர். ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி, சர்ஜாபுரம் வழியாக ஒயிட்ஃபீல்டு. போக வர நாளைக்கு 80. அவருக்கு வருஷம் 20,000.

அப்புறம் ஷோரூம் காகிதத்தில் இருக்கும் அந்தப் பெரிய எண். அது பொய்யான எண் இல்லை, ஆனால் வேறொரு சாலையின் எண். ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி, ஏசியை அணைத்துவிட்டு, ஏறக்குறைய 20 நிமிடம், 10 கி.மீ. சொச்சம் ஓட்டி எடுப்பது. அதில் சராசரி வேகம் மணிக்கு 32 கி.மீ. வாக்கில் வரும். பெங்களூரில் 10 கி.மீ. கடக்க சராசரியாக 34 நிமிடம் ஆகிறது என்று நகரங்களின் சாலை நெரிசலை அளக்கும் டாம்டாம் நிறுவனத்தின் 2024 கணக்கு சொல்கிறது. அதாவது மணிக்கு 18 கி.மீ.கூட இல்லை. ஆய்வுக்கூட வேகத்தில் பாதிதான் நம் வேகம், அதுவும் ஏசி போட்டுக்கொண்டு. நின்றுகொண்டே ஏசியோடு ஓடும் ஒரு சின்ன பெட்ரோல் இன்ஜின் மணிக்கு ஒரு லிட்டர் வரைக்கும்கூடக் குடித்துவிடும்; அந்த நேரத்தில் நகர்ந்த தூரம் பூஜ்யம். சில்க் போர்டு சந்திப்பில் ஒரு சாயங்காலம் மைலேஜ் காட்டும் டிஸ்ப்ளேயைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 12.4 என்று இருந்தது. பாலத்தின் நிழலுக்குள் நுழைவதற்குள் 11.9. அடுத்த சிக்னலைத் தாண்டும்போது 11.3. மகள் பின்சீட்டிலிருந்து “அப்பா, நம்பர் குறையுது” என்றாள்.

டிஸ்ப்ளேயையும் முழுசாக நம்ப வேண்டாம். நான் செய்வது பழைய முறை: ஒரே பங்கில் நாசில் தானாக நிற்கும்வரை டேங்க்கை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, டேங்க் பாதிக்கு மேல் காலியாகும் வரை ஓட்டி, மறுபடி அதே இடத்தில் அதேபோல் நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுப்பது. மூன்று தடவை செய்தால் நம்பத் தகுந்த எண் கிடைக்கும். என்னுடைய பழைய வண்டிக்கு ஊருக்குள் 11, சேலம் போனால் 18. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்தபிறகு பழைய வண்டிகளுக்கு இன்னும் கொஞ்சம் குறைகிறது. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக் குழு 2021-லேயே எழுதியிருக்கிறது. புதிய வண்டி வாங்குகிறவர்களுக்கு இந்த இழப்பு 1, 2 சதவீதம்தான்.

இன்னொரு விஷயம் என்னை ரொம்ப நாள் ஏமாற்றியது. 10 கொடுக்கும் காரிலிருந்து 15 கொடுக்கும் காருக்குப் போவதும், 20 கொடுக்கும் காரிலிருந்து 25 கொடுக்கும் காருக்குப் போவதும் ஒரே லாபம் என்று நினைத்திருந்தேன், ரெண்டிலும் ஐந்துதானே வித்தியாசம் என்று. 1,000 கி.மீ.க்குப் போட்டுப் பாருங்கள். 10 கொடுத்தால் 100 லிட்டர், 15 கொடுத்தால் 67 லிட்டர்: மிச்சம் 33. 20 கொடுத்தால் 50, 25 கொடுத்தால் 40: மிச்சம் 10தான். மேலே போகப் போக ஒவ்வொரு கிலோமீட்டரின் மதிப்பும் குறைந்துகொண்டே வருகிறது. அதனால் 22-ஆ 24-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் பெரிய பணம் இல்லை. 11-ஆ 15-ஆ என்பதில்தான் இருக்கிறது.

சரி, எங்கள் வீட்டுக்கு வருகிறேன். எங்கள் பட்டியலில் மூன்று: டிசையர், நெக்ஸான் பெட்ரோல், ஹைரைடர் ஹைப்ரிட் (பெட்ரோல் இன்ஜினோடு பேட்டரி மோட்டாரும் சேர்ந்தது). காகிதத்தில் டிசையர் 25 வாக்கில், நெக்ஸான் 17 சொச்சம், ஹைரைடர் 27.97. கணக்குக்குப் பெட்ரோலை 103 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். எங்கள் ஓட்டத்தில் பாதிக்கு மேல் நெடுஞ்சாலை என்பதால் ஊரும் சாலையும் கலந்து டிசையருக்கு 18, நெக்ஸானுக்கு 14, ஹைப்ரிட்டுக்கு 22 என்று எடுத்துக்கொண்டேன். 8,500 கி.மீ.க்கு டிசையர் 472 லிட்டர், நெக்ஸான் 607 லிட்டர். வித்தியாசம் 135 லிட்டர், வருஷத்துக்கு 14,000 ரூபாய்க்குள். மாசம் 1,160.

ஹைப்ரிட்டில் நெக்ஸானைவிட 221 லிட்டர் மிச்சமாகும், வருஷத்துக்கு 22,700 ரூபாய். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் விலையில் 3 லட்சம் கூடுதல் என்று வைத்தால், கர்நாடகாவில் 10 லட்சத்துக்கு மேல் 17 சதவீதம் சாலை வரி, அந்த வரி மேல் 11 சதவீதம் செஸ். 3 லட்சம் கையை விட்டுப் போகும்போது ஏறக்குறைய 3 லட்சத்து 57 ஆயிரம். அதைத் திரும்ப எடுக்க 15 வருஷத்துக்கு மேல் ஆகும். 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு, நாலு மீட்டருக்குள் 1,200 சிசி பெட்ரோல் இன்ஜினோடு வரும் காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40. ஹைரைடர் இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம். மற்ற ரெண்டும் இந்தப் பக்கம். அதோடு ஹைப்ரிட்டின் பலமே நின்று நின்று போகும் டிராஃபிக்கில்தான்: பிரேக் போடும் சக்தியைப் பேட்டரிக்குத் திருப்பி, நிற்கும்போது இன்ஜினை அணைத்துவிடும். கிருஷ்ணகிரி தாண்டி 90-ல் போகும்போது அந்த பலம் குறைவு. ஊருக்குள்ளேயே நாளைக்கு 50, 60 ஓட்டுகிற ஒருவருக்கு நான் ஹைப்ரிட்டைத்தான் சொல்வேன். எங்களுக்கு இல்லை.

இனி மைலேஜைவிட எனக்கு முக்கியமான விஷயம். மாசம் ஒரு தடவை தொப்பூர் கணவாயில் இறங்குகிறோம். தர்மபுரியிலிருந்து சேலம் போகிறவர்களுக்கு அந்த இறக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டீசலை மிச்சம் பிடிக்க சில லாரிகளை நியூட்ரலில் விடுவார்கள். பிரேக் சூடேறி, பிடிக்காமல் போய், முன்னால் போகும் வண்டிகள் மேல் ஏறிவிடும். அந்தச் சாலையில் நொறுங்கிய கார்களை ஓரம்கட்டி வைத்திருப்பதைப் பார்த்தபடி கடந்த நாட்கள் உண்டு. ஒரு தடவை ஒரு சின்ன காரின் பின்சீட் இருந்த இடமே தெரியவில்லை. ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. என் மனைவி மகளைத் தன் பக்கம் திருப்பி உட்காரவைத்தாள். அன்றைக்குச் சேலம் போய்ச் சேரும்வரை யாரும் பேசவில்லை.

(நியூட்ரல் விஷயத்தில் கார்க்காரர்களுக்கும் ஒன்று. இப்போதைய இன்ஜெக்‌ஷன் இன்ஜினில், இறக்கத்தில் கியரில் வைத்தே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடிக்கும். ஆக, அப்படி மிச்சமாவது எதுவும் இல்லை. உயிருக்கு ஆபத்து மட்டும்தான்.)

மோதல் சோதனை நட்சத்திரங்களைப் பார்க்காமல் காரைப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்று அன்றைக்கு நாங்கள் முடிவு செய்தோம். 2018-ல் குளோபல் என்கேப் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியத் தயாரிப்பு நெக்ஸான். நல்ல மைலேஜ் என்றால் தகடு மெல்லிசு, பாதுகாப்பு என்றால் கனம், கனம் என்றால் பெட்ரோல் செலவு என்று ரொம்ப நாள் ஒரு பேச்சு இருந்தது. அதில் உண்மையும் இருந்தது. ஆனால் 2024-ல் வந்த டிசையர் அதே குளோபல் என்கேப்பில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 நட்சத்திரம் வாங்கியது, காகிதத்தில் 25 கிட்டத்தட்ட கொடுத்துக்கொண்டே. ரெண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலைமை இப்போது இல்லை. 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டுச் சோதனையான பாரத் என்கேப்பும் இருக்கிறது. எந்த மாடலுக்கு எத்தனை நட்சத்திரம் என்று யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். விற்பனையாளர் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். நான் போன ஒரு ஷோரூமில் நான் கேட்ட பிறகும் அந்தப் பையன் மைலேஜையும் சன்ரூஃபையும்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

எங்களுக்கு ரெண்டு கார்களும் அந்தக் கேள்வியில் தேறின. அடுத்தது உடம்பு. எனக்கு இடது முட்டியில் வலி உண்டு. சில்க் போர்டு டிராஃபிக்கில் கிளட்ச் மிதிப்பது ஒரு வேலை. அதனால் ஆட்டோமேட்டிக். ஏ.எம்.டி. (மேனுவல் கியர்பாக்ஸையே தானாக மாற்றிக்கொள்வது) என்றால் மைலேஜ் மேனுவலோடு சமம், சில சமயம் மேலே. விலையும் குறைவு. ஆனால் ஊர்ந்து போகும்போது கியர் மாறுகையில் தலை லேசாக முன்னும் பின்னும் ஆடும். சிலருக்கு அது பொருட்டே இல்லை, சிலருக்குக் குமட்டும். ரெண்டு கிளட்ச் இருக்கும் டி.சி.டி. என்றால் வழவழப்பு, ஆனால் நகர்ந்து நிற்கும் டிராஃபிக்கில் சூடேறும் சுபாவம் அதற்கு உண்டு. பத்து நிமிஷ டெஸ்ட் டிரைவில் காலியான சாலையில் ஓட்டிவிட்டு முடிவு செய்யாதீர்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கேளுங்கள், மாரத்தஹள்ளிப் பாலம்வரை ஓட்டுங்கள், வீட்டில் யாருக்குக் குமட்டுமோ அவரைப் பின்சீட்டில் உட்காரவையுங்கள்.

அப்படி ஓட்டியதில் எங்களுக்கு ரெண்டும் ஒத்துக்கொண்டன. நெக்ஸானில் உட்காரும் உயரமும், தொப்பூரில் திரும்ப ஏறும்போது டர்போ இழுக்கும் இழுப்பும் பிடித்தது. ஊர்ப்பக்கத்து வேகத்தடைகளில் அடி தட்டாது: தரையிலிருந்து 208 மி.மீ., டிசையர் 163. ஆனால் எங்கள் நாலு பேருக்கு டிசையரும் அதன் பின்பெட்டியும் போதும். பாதுகாப்பும் உடம்பும் சரிசமமாக நின்ற பிறகு மாசம் 1,160 ரூபாய்தான் தராசைச் சாய்த்தது. டிசையர் ஏ.எம்.டி. மைலேஜுக்கு அந்த இடத்தில்தான் ஓட்டுப் போடும் உரிமை என்று நினைக்கிறேன், அதற்கு முன்னால் இல்லை.

மாப்பிள்ளை கதை வேறு. 20,000 கி.மீ. ஓட்டுகிறவருக்கு மைலேஜ்தான் முதல் கேள்வி, அதில் சந்தேகமே இல்லை. “நீங்க பெட்ரோல் காரே பார்க்காதீங்க மாப்பிள்ளை” என்றேன். 15 கொடுக்கும் பெட்ரோல் காருக்கு வருஷம் 1,37,000 ரூபாய் எரிபொருளுக்கே. சி.என்.ஜி. என்றால் கிலோ 90 ரூபாய் அளவில், கிலோவுக்கு 22 கி.மீ. என்று வைத்தால் 82,000. வருஷத்துக்கு 55,000 மிச்சம், சி.என்.ஜி.க்காகக் கூடுதலாகக் கொடுக்கும் 95,000 வாக்கு, ரெண்டு வருஷத்துக்குள் திரும்பிவிடும். பங்கில் வரிசையில் நிற்கும் நேரம் இருக்கிறது, பின்பெட்டியில் சிலிண்டர் இருக்கிறது. டாடாவும் ஹூண்டாயும் ஒரே பெரிய சிலிண்டருக்குப் பதில் ரெண்டு சின்னதாகத் தரைக்கடியில் வைத்து இடத்தைக் கொஞ்சம் மீட்டிருக்கிறார்கள். ஹைப்ரிட் என்றால் எங்களைவிடச் சீக்கிரமாகவே அவருக்குக் கணக்கு நேராகும், அதுவும் மோசமில்லை. டீசலை நாங்கள் பேசவே இல்லை. 2020-க்குப் பிறகு பி.எஸ்.6 என்ற மாசு விதிப்படி வந்த டீசல்களில் இருக்கும் புகை வடிகட்டி நெரிசல் ஓட்டத்தில் அடைத்துக்கொள்ளும்.

ஆனால் அவருக்குச் சொந்த வீடு, வாசலில் நிறுத்த இடம், நாளைக்கு 80 கி.மீ. இந்த மூன்றும் சேர்ந்தால் மின்சாரக் கார்தான். ராத்திரி செருகிவிட்டுத் தூங்கினால் காலையில் நிறைந்திருக்கும். இதில் பலரும் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்று சொல்வார்கள். பெங்களூரில் வீட்டு மின்சாரம் யூனிட் 6 ரூபாய் வாக்கில் இருப்பதால் அது சரி. தமிழ்நாட்டில் ரெண்டு மாசக் கணக்கில் யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். அவருக்குக் காருக்கே ரெண்டு மாசத்துக்கு 500, 600 யூனிட் ஆகும். வீட்டு உபயோகத்தின் மேல் அது ஏறி உட்காரும்போது யூனிட் 9, 10 ரூபாய் படியில் நிற்கும். ஆக கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். அப்படியும் வருஷத்துக்கு 30,000தான், பெட்ரோலோடு பார்த்தால் ஒரு லட்சத்துக்கு மேல் மிச்சம். நாலு லட்சம் கூடுதல் கொடுத்தாலும் நாலு வருஷத்துக்குள் முடிந்துவிடும். இதையே எங்கள் அபார்ட்மென்ட்டில் செய்ய முடியாது. பார்க்கிங்கில் பாயின்ட் போடுவதற்கு அசோசியேஷனில் ஒரு வருஷமாகப் பேச்சு ஓடுகிறது. வீட்டில் செருக முடியாதவர்கள் மின்சாரக் காருக்கு அவசரப்பட வேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

கடைசியாகப் பெரியப்பா. அவரிடம் மைலேஜைப் பற்றிப் பேசுவது எளிதில்லை. மாருதி 800 வந்த காலத்தில் டேங்க் நிரப்பினால் அந்த மாசம் வீட்டில் வேறெதையாவது குறைத்துக்கொண்டவர்கள் அவர்கள். அந்தச் சிக்கனத்தில்தான் மூன்று பிள்ளைகள் படித்தார்கள். அதனால் அவர் “25 குடுக்கிற ஸ்விஃப்ட்தான்” என்று நின்றபோது நான் எதிர்த்துப் பேசவில்லை. காகிதத்தில் எழுதிக் காட்டினேன். ஸ்விஃப்ட் ஏ.எம்.டி. ஊருக்குள் 15, கொஞ்சம் உயரமான பஞ்ச் ஏ.எம்.டி. 11 என்றே வைத்துக்கொள்வோம். 4,000 கி.மீ.க்கு வித்தியாசம் 97 லிட்டர். வருஷத்துக்கு 10,000, மாசம் 830 ரூபாய்.

“எண்ணூத்து முப்பதா?” என்று திரும்ப ஒருமுறை கூட்டிப் பார்த்தார்.

பெரியம்மாவுக்கு ரெண்டு முட்டியும் தேய்ந்திருக்கிறது. தாழ்வான காரிலிருந்து எழ ஒருவர் கை கொடுக்க வேண்டும். சோமேஸ்வரர் கோயில் வாசலில் ஆட்டோக்கள் ஹாரன் அடிக்க அடிக்க எழுந்திருக்க முடியாமல் அவர் கண் கலங்கியதை நான் பார்த்திருக்கிறேன். போன சனிக்கிழமை ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பஞ்ச் பார்க்கப் போனேன். அதன் கதவு 90 டிகிரி திறக்கும், இருக்கை ஏறக்குறைய இடுப்பு உயரம். பெரியம்மா முதுகைக் காட்டி நின்று அப்படியே உட்கார்ந்தார், ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்தார். அப்புறம் யார் கையையும் பிடிக்காமல் இறங்கினார். மறுபடி ஒரு தடவை ஏறி உட்கார்ந்து பார்த்தார்.

பெரியப்பா கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். விற்பனைப் பெண் லிட்டருக்கு எவ்வளவு என்று சொல்ல ஆரம்பித்ததும், “அது இருக்கட்டும்மா, இதுல வெள்ளை இருக்கா?” என்றார்.